பானட்டுக்கு அடியில்

ஞாயிற்றுக்கிழமை காலையில் இளங்கோ வாசலில் நிறுத்தியிருந்த காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி சுகந்தி பானட்டைத் தூக்கிவிட்டு, பழைய டூத் பிரஷால் இன்ஜினின் எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்தாள். பேட்டரிக்குப் பின்னால் ஓர் எலிக்கூடு இருந்தது. பஞ்சோடு, கடித்துக் குதறிய இன்லேண்ட் லெட்டர் துண்டுகள். ஒன்றில் அவள் அம்மாவின் கையெழுத்து: ‘ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிட்டுப் போடி.’

அம்மா அவளைத் தலைமுழுகிவிட்டதாகத்தான் இளங்கோ இத்தனை வருடமும் சொல்லியிருந்தான். போன மாதம் அம்மா இறந்தபோதுகூட அவள் போகவில்லை.

“எத்தனை லெட்டர் வந்துச்சுங்க?”

“உன் நல்லதுக்குத்தான் சுகந்தி...”

“எத்தனைன்னு கேட்டேன்.”

அவன் துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தான். அவள் எலிப்புழுக்கையைத் தட்டிவிட்டு, நீலத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினாள்.