குறையாத சார்ஜ்

சோதித்துப் பார்க்க வீட்டுக்குக் கொண்டுவந்த வயர்லெஸ் ரிசீவரில், பத்தாவது நாளும் சார்ஜ் கோடு ஒன்றுகூடக் குறையவில்லை. அதை வடிவமைத்த இன்ஜினியருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூடத்துக்கும் அறைக்குமாக நடந்தார்.

"பழசு மூணே நாள்ல படுத்துடும். இது சிக்னல் நல்லா இருந்தா கொஞ்சமா வேலை செய்யும், மோசமானாத்தான் முழு மூச்சா உழைக்கும். அதான் இவ்வளவு மிச்சம்!"

"சந்தோஷம்," என்றாள் மனைவி.

"மேனேஜருக்கு மெயில் போட்டாச்சு. இதை வாங்கப்போற கம்பெனிக்காரங்க பத்து மணிக்கு வர்றாங்க."

"அப்போ சீக்கிரம் குளிக்கப் போங்க."

"ஏன் விரட்டறே?"

"நீங்க குளிக்கிற நேரத்துலதானே தினமும் அதை சார்ஜ்ல போடறேன்! ஒரு கோடு குறைஞ்சாலும் சோறு தண்ணி இல்லாம உலாத்துவீங்களே!"