கூழ் சொன்ன சாட்சி

“மூக்கைப் பாருங்கோ பெரியண்ணை! அச்சொட்டா எங்கடை அம்மாவின்ரை மூக்கு!”

ஞானம்பிகை அகப்பையால் சுட்டிக்காட்டினாள். தன் மூக்கு விசாரணைக் கூண்டில் ஏற்றப்பட்டதை அறியாத அந்தத் தாய்லாந்துப் பெண், கூழ்ச் சட்டியின் அருகில் நின்று சிரித்தாள்.

விக்னராஜா சிரிக்கவில்லை. இத்தாலியின் பலெர்மோ நகரில், சீசாப் பகுதியிலுள்ள தங்கை வீட்டு மேசையின் தலைமாட்டில் நீதிபதியைப் போல் அமர்ந்திருந்தார்.

“மூக்கு எல்லாருக்கும்தான் இருக்கு, தங்கச்சி. ரத்தம் எல்லோ வேணும்?”

இரத்தம்! அந்த ஒரு சொல்லுக்காகச் சொந்தத் தம்பியையே அறுத்தெறிந்த மனிதர் அவர். பாங்கொக்கில் அகதியாய் ஒதுங்கிய குலேந்திரன், அந்நாட்டுப் பெண்ணொருத்தியைக் கைப்பிடித்தான். குலம் கெட்டது என்று கொதித்தார் அண்ணன். அன்றோடு பேச்சு நின்றது. கிழமை முழுவதும் சீனியோரா என்று அவர் அழைக்கும் வீட்டு எசமானியின் குளியலறைத் தரையைத் தேய்க்க வளைகிற அவருடைய முதுகு, குலம் என்ற சொல் காதில் விழுந்தால் மட்டும் விறைத்து நிமிரும்.

ஞானம்பிகைக்கோ ஒரே கனவு. குலேந்திரனின் மகள் பிம்மைத் தன் மகன் நிதுசனுக்குக் கட்டிவைக்க வேண்டும். முறைப்பெண் அல்லவா? அந்த மணவறையிலாவது இரண்டு அண்ணன்மாரும் சேர்ந்து நிற்கமாட்டார்களா? அதற்குப் பெரியண்ணையின் வாயிலிருந்து ஓர் ‘ஓம்’ உதிர்ந்தாக வேண்டும்.

பிம் மால்ட்டாவில் ஆங்கிலம் படிக்கிறாள். ஞானம்பிகை கண்டதெல்லாம் அவளுடைய கைக்குழந்தைப் படம் ஒன்றுதான். பெரியண்ணைக்கு அஞ்சி, பாங்கொக்கோடு கதை பேச்சு அனைத்தும் நிதுசனின் கைப்பேசி வழியாகவே நடந்தன. விடுமுறைக்கு வந்தவளை ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்தில் இருந்து கூட்டி வந்தவனும் அவனே.

“நடையைப் பாருங்கோ! எங்கடை சின்னம்மா கோயிலுக்குப் போற நடை. நிறத்தைப் பாருங்கோ! டேய் நிதுசன், வாய்க்குள்ளை என்ன கொழுக்கட்டையே? மாமாவுக்கு நீயும் ஒரு சொல்லுச் சொல்லன்.”

“மாமா சொன்னாச் சரி, அம்மா,” என்றான் நிதுசன். பணிவுக்கு ஒரு சிலை வைப்பதென்றால், அவனைப் பார்த்தே வடிக்கலாம்.

விக்னராஜா தொண்டையைச் செருமினார். “கண்ணாலை பாத்துத் தீர்ப்புச் சொல்ல ஏலாது. நாக்கு பொய் சொல்லாது. கூழுக்கை இன்னும் மிளகாய் அரைச்சு விடு. எங்கடை ரத்தம் எண்டால் குடிக்கும். வேற ரத்தம் எண்டால் ரெண்டாம் மிடறிலை தண்ணி கேக்கும்.”

“ஐயோ, பாவம் அண்ணை, படிக்கிற பிள்ளை!”

“விடு எண்டிறன்.”

கபோச் சந்தையில் வாங்கிய நண்டும் இறாலும் பனங்கிழங்கு ஒடியல் மாவில் கொதித்துக்கொண்டிருந்தன. அதற்குள் மிளகாய் விழுந்தது, வீடே தும்மியது. ஒருவனுடைய பிறப்பை அவனுடைய நாக்கில் தேடுகிற இந்த அறிவை எந்தப் பல்கலைக்கழகம் கற்பிக்கிறதோ! ஆனால் ஞானம்பிகை இருந்த கடவுளரையெல்லாம் அழைத்தாள். பிள்ளை குடிக்கவேண்டும். குடித்தால் மருமகள், குடியாவிட்டால் குலேந்திரன் செத்தவனுக்குச் சமம்.

நீதிபதியே முதல் மிடறு குடித்தார். நெற்றியில் வியர்வை முத்துக் கட்டியது. காது சிவந்தது. மானத்தை எண்ணித் தண்ணீரைத் தொடாமல் இருந்தார்.

பெண் கோப்பையை இரு கையாலும் தூக்கினாள். ஒரு மிடறு. இன்னொன்று. கோப்பை காலியாயிற்று. உதட்டைத் துடைத்துக்கொண்டு நிதுசனின் காதில் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டாள்.

“பாத்தியே? தண்ணி கேக்கிறாள்!” என்று துள்ளினார் விக்னராஜா.

“இல்லை மாமா. பச்சை மிளகாய் கிடக்கோ எண்டு கேக்கிறா. கடிச்சுக் குடிக்கவாம்.”

விக்னராஜாவின் கண்களில் நீர் பெருகிற்று. பாசமோ காரமோ, அவருக்கே வெளிச்சம்.

“ரத்தம் கதைக்குது, தங்கச்சி! ரத்தம் கதைக்குது! எந்தக் கடல் தாண்டினாலும் எங்கடை குலம் தப்பாது!” எழுந்தார், பெண்ணின் கையைப் பிடித்து நிதுசனின் கையில் வைத்தார். “இந்தப் பிள்ளைதான் இவனுக்கு. தாலி நான் எடுத்துக் குடுக்கிறன். ஆர் வந்து தடுத்தாலும் என்ரை சொல்லு மாறாது!”

ஞானம்பிகை முந்தானையில் முகம் புதைத்து விம்மினாள்.

“மாமா,” என்றான் நிதுசன். அன்று முழுவதும் அவன் தானாக வாய் திறந்தது அதுவே முதல் முறை. “இந்தச் சொல்லை எங்கடை ஆக்களின்ரை வட்ஸ்அப் குழுவிலை ஒருக்கால் போட்டுவிடுங்கோவன். பிறகு ஆரும் மாத்திக் கதைக்கக் கூடாது எல்லோ?”

“நீயெல்லோடா என்ரை மருமகன்!” விக்னராஜா கைப்பேசியை வாயருகே பிடித்தார். குலத்தின் மேன்மை, நாக்கின் நேர்மை, திருமண அறிவிப்பு எல்லாம் சிங்கக் குரலில் பலெர்மோத் தமிழர் அத்தனை பேருக்கும் பறந்தன. பாராட்டுகள் வந்து குவிந்தன. பெண் இரண்டாம் முறை கூழுக்குக் கோப்பையை நீட்டினாள்.

அப்போது கதவு மணி அடித்தது.

ஞானம்பிகை கண்ணைத் துடைத்துக்கொண்டே போய்த் திறந்தாள். பயணப்பெட்டியோடு ஒரு பெண் நின்றாள். சப்பை மூக்கு, பால்நிறம், ஓடி வந்த மூச்சிரைப்பு. குடும்பத்தில் எவருடைய சாயலும் அவளிடம் இல்லை.

“மாமி!” என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள், சுத்த யாழ்ப்பாணத் தமிழில். “நான் பிம், உங்கடை குலேந்திரன் அண்ணையின்ரை மகள், மச்சானுக்கும் உள்ளை நிக்கிற என்ரை வகுப்புச் சிநேகிதி மாலிக்கும் கலியாணத்துக்குப் பெரியப்பா ஓம் சொல்லுமட்டும் மச்சான்தான் என்னைக் கபோச் சந்தையிலை ஒளிச்சிருக்கச் சொன்னவர், இப்ப வரலாமோ?”