கேன்சல் அம்மா

"வந்துட்டாங்க உன்னோட கேன்சல் அம்மா," என்று பக்கத்துக் கவுண்டர்க்காரன் கிசுகிசுத்தான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். வரிசையில் நாலாவது ஆளாக, சாம்பல் நிறக் கைப்பையை மார்போடு அணைத்தபடி அந்த அம்மா நின்றிருந்தார். வெள்ளிக்கிழமை ஆனால் தவறாத முகம்.

அது வீடியோ கேம் கடை. இன்னும் வெளிவராத கேமுக்கு முன்பணம் கட்டிப் பெயர் கொடுப்பதை அங்கே புக்கிங் என்பார்கள். வருகிற எல்லோரிடமும் புக்கிங் கேட்டே ஆக வேண்டும். கேட்டால் வாடிக்கையாளர் முறைப்பார். கேட்காவிட்டால் மேனேஜர் முறைப்பார்.

அவள் சேர்ந்து இன்றோடு மூன்று மாதம் முடிகிறது. முப்பது புக்கிங் நின்றால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் நாளையிலிருந்து வர வேண்டாம். இந்தச் சம்பளத்தை நம்பித்தான் தம்பியைக் கல்லூரியில் சேர்த்திருந்தார்கள்.

பின்னறைப் பலகையில் அவள் பெயருக்கு எதிரே இருபத்தொன்பது என்று இருந்தது. காலையில் வாசலில் செக்யூரிட்டி அண்ணனிடம்கூடச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தாள். இன்னும் ஒன்றே ஒன்று போதும், ஆனால் யாரும் கேன்சல் பண்ணக் கூடாது, பண்ணினால் ஒன்று கழிந்துவிடும் என்று.

அதைக் கெடுக்கவென்றே ஒருத்தர் வரிசையில் நிற்கிறார்.

இரண்டு மாதமாக இதே கூத்துதான். திங்கள்கிழமை வந்து, சுவரில் இருக்கிற ஏதோ ஒரு போஸ்டரைக் கைகாட்டி அந்த அம்மா புக்கிங் போடுவார். ஒரு வாரம் கால்பந்து, மறு வாரம் பேய் வேட்டை. வீட்டில் யார் விளையாடுவார்கள் என்று கேட்டால் சிரிப்பார். போகும்போது மறக்காமல் "நல்லா இரும்மா" என்பார். வெள்ளிக்கிழமை ரசீதோடு வந்து, வேண்டாம் என்று பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்வார்.

ஒவ்வொரு தடவையும் அந்த அம்மா போன பிறகு மேனேஜர் எல்லோர் முன்னாலும் சொல்வார், "ஆளைப் பிடிக்கத் தெரியுது, பிடிச்சு வச்சுக்கத் தெரியல."

இரண்டு பேர் நகர்ந்ததும், அந்த அம்மாவுக்கு முன்னால் நின்ற இளைஞனிடம் அவள் வழக்கப்படி கேட்டாள். மெம்பர் கார்டு இருக்கிறதா, டிஸ்க் கீறினால் மாற்றித் தரும் திட்டம் வேண்டுமா, புக்கிங் ஏதாவது...

"பாஸ்போர்ட் ஆபீஸ்லகூட என்னை இத்தனை கேள்வி கேக்கல," என்று அவன் சில்லறையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போனான்.

அடுத்தது அந்த அம்மா. ரசீதை எடுத்து மேசையில் வைத்தார். மறுபடியும் கையைப் பைக்குள் விட்டார்.

"அம்மாடி, இன்னைக்கு வந்து..."

"தெரியும். குடுங்க."

"இல்லம்மா, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்மா. ரெண்டு மாசமா சொன்னது போதும்." ரசீது எண்ணைத் தட்டிக்கொண்டே பேசினாள். "உங்களுக்குப் பொழுது போகலைன்னா பார்க்குல போய் உக்காருங்க. எங்க பொழைப்புல விளையாடாதீங்க."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். மெஷின் கேன்சல் சீட்டைத் துப்பியது. முன்பணத்தை அதன் மேல் வைத்துத் தள்ளினாள்.

"இனிமே இந்தப் பக்கம் வராதீங்க."

பைக்குள் போன கை அப்படியே நின்றுவிட்டது. அந்த அம்மா பணத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார். அந்த அம்மா பணத்தை எடுத்துக்கொண்டார்.

"நல்லா இரும்மா," என்று சொல்லிவிட்டுப் போனார். எப்போதும் சொல்கிற சத்தம் அதில் இல்லை.

அதன்பிறகு எத்தனையோ பேரைக் கேட்டாள். ஒருவரும் புக்கிங் போடவில்லை. ஆறு மணிக்கு மேனேஜர் பலகையில் இருபத்தெட்டு என்று எழுதினார். ரெண்டு குறையுது என்றார், முகத்தைப் பார்க்காமல். பெயர் வில்லையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அவள் வெளியே வந்தாள்.

வாசலில் செக்யூரிட்டி அண்ணன் சிரித்துக்கொண்டு நின்றார். "என்ன தங்கச்சி, முப்பது ஆயிடுச்சா?"

"இல்லண்ணே. இருபத்தெட்டு. அந்த அம்மா இன்னைக்கும் வந்து கெடுத்துட்டாங்க."

அவர் சிரிப்பு நின்றது. "யாரு, சாம்பல் பை அம்மாவா? அவங்க இன்னொண்ணு போடத்தானே வந்தாங்க?"

அவளுக்குப் புரியவில்லை. அவர் மெதுவாகச் சொன்னார். ரெண்டு மாதம் முன்னால் மேனேஜர் அவளைத் திட்டியபோது அந்த அம்மா யாருக்கோ பரிசு வாங்க வந்து வரிசையில் நின்றிருந்தாராம். வெளியே வந்து, அந்தப் பொண்ணை ஏன் திட்டுகிறார்கள் என்று கேட்டிருக்கிறார். புக்கிங் வந்தால் வேலை நிலைக்கும் என்று அவரிடம் சொன்னது இந்த செக்யூரிட்டி அண்ணன்தான்.

"அவங்க பொண்ணும் எங்கயோ ஒரு கடையில இப்படித்தான் நிக்குதாம். அவங்க கையில ஒரு முன்பணம்தான் இருந்துச்சு. அதை எடுத்தாத்தான் அடுத்த வாரம் மறுபடி உன் பேர்ல போட முடியும்னு நெனச்சாங்க. எடுத்தா கழிப்பாங்கன்னு அவங்களுக்குத் தெரியாது. எனக்கே நீ சொல்லித்தானே காலையில தெரியும். அவங்க உள்ள போக வந்தப்போ சொன்னேன். பதறிட்டாங்க. வீட்டுக்குப் போய் எப்படியோ இன்னொரு முன்பணம் புரட்டிட்டு வந்தாங்க. ரசீதைக் காட்டி பழசு அப்படியே இருக்கட்டும்னு சொல்லிடறேன், புதுசா ஒண்ணும் சேர்த்துப் போட்டுடறேன், அந்தப் புள்ளகிட்ட மன்னிப்பும் கேக்கணும்னு சொல்லிட்டுத்தான் போனாங்க."

அவள் கண்ணாடிக் கதவு வழியாகத் தன் கவுண்டரைப் பார்த்தாள்.

கேன்சல் என்ற வார்த்தையை இன்றைக்கு அந்த அம்மா சொல்லவே இல்லை.