ஆறாவது டாங்கி

ராணுவம் கழித்துப்போட்ட ஆறு டாங்கிகளை, பவளம் படரவும் ஸ்கூபா பயணிகள் பார்க்கவும் கடலடியில் வரிசையாக இறக்கியிருந்தார்கள். எஞ்சின்களைக் கழற்றி, பீரங்கிகள் திரும்பாதபடி பற்றவைத்தவன் வெல்டர். நாற்பதாம் நாள் காலை, அக்கா புருஷனோடு அவனே முங்கிப் பார்க்கப் போனான்.

ஆறாவதின் பீரங்கி ஐந்தாவதின் பக்கம் திரும்பியிருந்தது. ஐந்தாவதின் வயிற்றில் தலை நுழையுமளவு ஓட்டை. சுற்றிலும் குடல் சரிந்த மீன்கள். ஓட்டையின் விளிம்பைத் தொட்டவனுக்குக் கையுறையையும் தாண்டிச் சுட்டது.

படகேறியதும் அக்கா புருஷன் சிரித்தார். "எவனோ வெடி போட்டு மீன் புடிச்சிருக்கான். அதுக்குப் போய் பேயறைஞ்ச மாதிரி முழிக்கிறே!"

"இரும்பு இன்னும் சுடுது மாமா. திரும்ப இறங்காதீங்க."

"போட்டோ இல்லாம போனா எவன்டா நம்புவான்?"

அவர் குதித்த மூன்றாம் நிமிடம் அடியில் இடி இடித்தது. படகு ஆளுயரம் எழும்பி விழுந்தது. சிவந்து கொதித்த தண்ணீரில் அவருடைய துடுப்புச் செருப்பு ஒன்று மிதந்து வந்தது. பாதம் அதற்குள்ளேயே இருந்தது. அக்காவிடம் கொடுக்க அது ஒன்றுதான் கிடைத்தது.

மறுநாள் கடற்படை ஆட்கள் இறங்கி எண்ணினார்கள். ஐந்து டாங்கிகள்தான் இருந்தன. ஆறாவது நின்ற இடத்திலிருந்து மணலில் புதிய சங்கிலிச் சக்கரத்தடம், கரையைப் பார்த்து ஏறிப் போயிருந்தது.