வங்கிக்காரர் வீட்டுச் சிங்கம்

அகதிக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழும் பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து இரண்டு பஸ் ஏறிப் போய், மலைச்சரிவு மாளிகையொன்றில் துப்புரவு வேலை செய்கிற யோகராணிக்கு அங்கே பயம் இரண்டே இரண்டு. ஒன்று, எஜமான் பெல்விக் துரை. மற்றது, சுவரில் தொங்கும் அவருடைய குலச்சின்னம்.

வெள்ளிக் கேடயம். அதிலே ஒரு சிங்கம், அதன் கையில் சாவி. லண்டனில் ஐந்து தலைமுறையாக வங்கி நடத்திய குடும்பமாம்! பீட்சா கொண்டுவருகிறவனைக்கூட நிறுத்திவைத்து, துரை அதன் பெருமையை அளப்பார். போன மாதம் ஒரு கரண்டியைக் காணவில்லையென்று பொலிஸைக் கூப்பிட்ட மனுஷன்!

அன்று துரை வெளியே போயிருந்தார். சிங்கம் கறுத்துக் கிடந்தது. குத்துவிளக்கு மினுக்கின கை சும்மா இருக்குமா? யோகராணி பழப்புளியைக் கரைத்து, கம்பிப் பஞ்சால் அழுத்தித் தேய்த்தாள். கறுப்புப் போனது. கூடவே வெள்ளியும் போனது. சிங்கம் மூக்கு முதல் வால்வரை பித்தளையாகப் பல்லிளித்தது.

சமையற்காரி இமெல்டா எட்டிப் பார்த்துத் தலையில் கைவைத்தாள்.

“ஐயோ, என்னடி இது? வெள்ளியை வித்துப்போட்டுப் பித்தளையைக் கொழுவினவள் எண்டெல்லோ துரை சொல்லப்போறார்!”

“நான் கள்ளியில்லை அக்கா! புளிதான் போட்டனான்.”

“ஆர் நம்புவினம்? பொலிஸ் கேஸ் எண்டால் உன்ர மனுசனை இஞ்ச கூப்பிடப் போட்ட ஸ்பொன்சரும் அதோட சரி.”

யோகராணியின் புருஷன் நான்கு வருடமாக வவுனியாவில் காத்திருக்கிறார். பாழாய்ப்போன சிங்கம்! இதைத் தொட்டிருக்கவே வேண்டாமே!

கதவு திறந்தது. துரை வந்தார். கேடயத்தைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறிப்போனது. இமெல்டாவைச் சமையலறைக்கு விரட்டிவிட்டுக் கதவைத் தாழிட்டார்.

யோகராணி அழுதேவிட்டாள். தெரிந்த இங்கிலீஷையும் பிரெஞ்சையும் கலந்து, “பொலிஸ் வேண்டாம் சேர், நான் களவெடுக்கவில்லை” என்று கும்பிட்டாள்.

துரை ஜன்னல் திரையை இழுத்து மூடினார். குரலைத் தாழ்த்தினார்.

“நீ எடுக்கவில்லையென்று எனக்குத் தெரியும். அசலை நானே விற்றுத் தின்று இருபது வருடமாகிறது. இந்தப் போலியை வெள்ளியென்று சொல்லித்தான் இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறேன்; புதன்கிழமை இன்சூரன்ஸ்காரன் இதைச் சோதிக்க வருகிறான்.”

சொல்லிவிட்டு, ஐந்து தலைமுறை வங்கிக்காரர்களின் வாரிசு அவளைப் போலவே இரு கைகளையும் கூப்பினார்.

“அதற்குள்ளே தயவுசெய்து நீ இதைத் திருடிக்கொண்டு போய்விடேன், அம்மா!”