வந்த உடுப்போடு

அறையில் இருந்தவர்கள்: பேனா மூடியால் காது குடையும் டாக்டர், மூக்கைச் சிந்தித் திரைச்சீலையில் துடைக்கும் நர்ஸ், சாவிக்கொத்தோடு ஒரு காவல்காரர், புருஷனைத் தேடி வந்த ஒருத்தி. சுவரோரமாக, தாங்கள் யாரென்றே தெரியாத சிப்பாய்கள் ஒரு வரிசை.

சீழும் பினாயிலும் கலந்த நாற்றம் தொண்டைவரை ஏறியது. அவளுக்கு அது பழகிப் போயிருந்தது. போன குளிர்காலத்திலிருந்து இப்படி ஒவ்வொரு வார்டாக ஏறி இறங்குகிறாள். ‘காணவில்லை’ என்று ஒரு வார்த்தை சொல்லிப் படைக்காரர்கள் கையைக் கழுவியிருந்தார்கள்.

“உயிரோட இருந்தா கூட்டிட்டுப் போறேன். இல்லன்னா எங்கே கிடக்கிறார்னு தெரிஞ்சா போதும்,” என்றாள்.

“மூஞ்சியைப் பார்த்து ஏமாறாதேம்மா. சண்டைக்குப் போனவன் மூஞ்சி போன மாதிரியா திரும்பி வரும்? உடுப்பைப் பாரு,” என்றார் டாக்டர்.

அங்கே அதுதான் வழக்கம். உறவுக்காரர்கள் வரும் நாளில் ஆஸ்பத்திரி அங்கியைக் கழற்றிவிட்டு, ஒவ்வொருவனுக்கும் அவன் வந்தபோது போட்டிருந்ததையே மாட்டி நிறுத்துவார்கள். துவைக்கவும் மாட்டார்கள். துவைத்தால் அடையாளம் போய்விடுமாம்.

“யாருமே தேடி வராதவங்களை என்ன பண்ணுவீங்க?”

“திரும்பச் சண்டைக்குத்தான். துப்பாக்கி தூக்க ஞாபகம் எதுக்கு?” காவல்காரர் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். வரிசையில் ஒருத்தன் பல்லும் தெரியவில்லை.

அவள் நடந்தாள். ஒருவனுக்கு எச்சில் ஒழுகியது. இன்னொருவன் சுவரிலிருந்து சுண்ணாம்பைப் பெயர்த்துத் தின்றான். தாடிக்காரன் ஒருவனிடம் வந்ததும் அவள் கால் நின்றது.

சாம்பல் நிற ஸ்வெட்டர். இடது கை மட்டும் பழுப்பு. கம்பளி தீர்ந்துபோய், கையில் கிடைத்த நூலைப் போட்டுப் பின்னி முடித்தது அவள்தான். “இந்தக் கோமாளிச் சட்டையை எவன் போடுவான்?” என்று கிண்டல் செய்த மனுஷர், கோடைக்காலத்தில்கூட அதைக் கழற்ற மாட்டார். அதோடுதான் ரயில் ஏறினார்.

தோளைப் பிடித்து அவனைத் திருப்பினாள். முதுகில் விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை, விளிம்பெல்லாம் கறை காய்ந்து விறைத்துப்போய். விரலை உள்ளே விட்டுத் தோலைத் தடவினாள்.

“பயப்படாதீங்க, உடம்புல ஒரு கீறல்கூட இல்ல,” என்றாள் நர்ஸ். “அதிர்ஷ்டக்காரர். ஞாபகம் ஒண்ணுதான் போச்சு.”

அப்புறம்தான் அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“என்னங்க,” என்றாள்.

அவன் கண் டாக்டரிடம் போனது, காவல்காரரிடம் போனது, சாவிக்கொத்துக்குப் போனது. பிறகு அவளிடம் வந்தது.

“வந்துட்டியா!” கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான். “டாக்டர், இது என் சம்சாரம்! எல்லாம் ஞாபகம் வந்துடுச்சு டாக்டர், எல்லாம்!” மூக்குச்சளி தாடிக்குள் இறங்கியது.

நர்ஸும் அழுதாள். “காதல்னா இதுதான் டாக்டர்!”

“ஒரு கட்டில் காலி,” என்றார் டாக்டர், பேனா மூடியை முகர்ந்து பார்த்துவிட்டு. “ஏம்மா, ஆள் சரிதானே? அப்புறம் மாத்திக் குடுன்னு வந்து நிக்கக் கூடாது.”

“என் புருஷனை எனக்குத் தெரியாதா?” என்றாள் அவள்.

பஸ்ஸில் அவளுக்கென்று வைத்திருந்த ரொட்டியையும் அவனே தின்றான். வாயைத் திறந்து மென்றபடியே பேசினான். விரலை ஒவ்வொன்றாகச் சப்பிவிட்டு, அதே விரல்களை அவள் முழங்கால்மேல் வைத்தான். அவள் சன்னல் கம்பியில் நெற்றியை முட்டுக்கொடுத்து வெளியே பார்த்தாள்.

“எத்தனை ராத்திரி உன்னையே நினைச்சுக்கிட்டுக் கிடந்தேன் தெரியுமா? நீ என்னடான்னா ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிற.”

“வீட்டுக்குப் போய்ப் பேசலாம்.”

மாடிப்படி குறுகல். பின்னால் ஏறி வந்தவன் அவள் இடுப்பில் கை போட்டான்.

“இப்ப வீட்டுல யார் யார் இருக்கா?”

“யாருமில்ல. நான் மட்டும்தான்.”

“நல்லதாப் போச்சு,” என்று காதருகே இளித்தான். சொத்தைப் பல்லின் நாற்றம் அடித்தது. “புருஷன் சாவுக்குத் தப்பி வந்திருக்கேன், வேப்பெண்ணெய் குடிச்ச மாதிரி மூஞ்சியை வச்சிருக்கியே! கொஞ்சம் சிரியேன்.”

அவள் கதவைத் திறந்து வழிவிட்டாள். அவன் உள்ளே போய் நாலு பக்கமும் பார்த்தான். பிறகு சேற்று பூட்ஸோடு கட்டிலில் சாய்ந்து, காலை நீட்டி, தாராளமாக ஓர் ஏப்பம் விட்டான்.

அவள் கதவைச் சாத்தினாள். மேல் தாழைப் போட்டாள், கீழ்த் தாழைப் போட்டாள். பூட்டிச் சாவியை உருவிக் கைக்குள் மூடிக்கொண்டு, கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

“எல்லாம் ஞாபகம் வந்துடுச்சுன்னியே, சொல்லுடா. என் வீட்டுக்காரரை எங்கே போட்டுட்டு வந்தே?”