தினம் ஒரு கீறல்

“இன்னைக்கு என்ன, முழங்கையா?” டாக்டர் கேட்டார்.

“ஆமாங்க டாக்டர். சின்னக் கீறல்தான்,” என்றான் சிப்பாய்.

“குண்டு பட்ட மாதிரி தெரியலையே. ஆணியால கீறிக்கிட்ட மாதிரியில்ல இருக்கு.”

அவன் சுவரைப் பார்த்தான்.

கடலோரக் கோட்டையை எதிரிகள் தரைப்பக்கமாகச் சூழ்ந்து நாற்பது நாளாகிவிட்டது. காலை எட்டு மணிக்கு முழங்கத் தொடங்கும் பீரங்கிகள் மதியம் ஒரு மணி நேரம் ஓயும். எதிரிக்கும் பசிக்கும் அல்லவா? அந்த இடைவெளியில் நிலவறை ஆஸ்பத்திரிக்குத் தவறாமல் வந்துவிடுவான் இந்தச் சிப்பாய். நேற்று கட்டைவிரல், முந்தாநாள் காது மடல்.

கட்டுப் போடுவது எப்போதும் அதே நர்ஸ்தான்.

“இன்னைக்கு எத்தனை குண்டு விழுந்துச்சு?” முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

“முப்பத்தொண்ணு. நாலு கடல்ல போச்சு. ஒண்ணு நேரா சமையக்கட்டுல. பருப்பு அண்டாவையே காணோம். நாங்க மதிலோரமா வாயைத் திறந்துட்டுப் படுத்திருந்தோம். இல்லேன்னா காது கிழிஞ்சிடும். வாய் நெறைய மண்ணு.”

“கொப்பளிச்சீங்களா?”

“தண்ணி ஏது?”

தன் குவளையை அவன் பக்கம் நகர்த்தினாள்.

டாக்டருக்குப் பொறுக்கவில்லை. படைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே ‘மணமானவர்’ என்று இருந்ததைப் பார்த்திருந்தார்.

“வீட்டுல பொண்டாட்டியை வச்சுக்கிட்டு இங்க வந்து வழியறியா? இன்னொரு தடவை கீறலோட வந்தே, அவளுக்குக் கடுதாசி போட்டுடுவேன்.”

சிப்பாய் தலைகுனிந்தான். நர்ஸ் காதில் விழாதவள்போலப் பஞ்சைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மதியம் பீரங்கிகள் ஓய்ந்தன. அவன் வரவில்லை. நர்ஸ் ஒரே கட்டுத்துணியை மூன்று முறை பிரித்துச் சுருட்டினாள்.

அரை மணி கழித்து அவனை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். தொடையில் விரல் நீள இரும்புத் துண்டு. டாக்டர் அதை எடுத்துத் தைத்து முடிக்கும்வரை நர்ஸ் விளக்கை ஆடாமல் அசையாமல் பிடித்திருந்தாள்.

“பொழைச்சுக்கிட்டே, போ,” டாக்டரின் குரல் இளகியிருந்தது. “சாயங்காலம் படகுல ஊருக்கு அனுப்பிடறேன். பொண்டாட்டி கையால சாப்பிட்டு உடம்பைத் தேத்திக்கோ.”

“எனக்குப் படகு வேணாங்க டாக்டர்,” என்று முனகினான் சிப்பாய்.

நர்ஸ் விளக்கைக் கீழே வைத்துவிட்டுக் கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

“கல்யாணமான நர்ஸுங்களைக் கோட்டையில வேலைக்கு வச்சுக்க மாட்டேன்னீங்க, அதனாலதான் ஆகலைன்னு பொய் சொன்னேன் டாக்டர். என்னையும் சேர்த்து அனுப்புங்க. நான் பக்கத்துல இல்லேன்னா, மருந்தைக்கூட ஒழுங்காச் சாப்பிட மாட்டார் எங்க வீட்டுக்காரர்.”